மலைக்குளிரில் தீவுப் போவா: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

குன்னூரிலோ கொடைக்கானலிலோ வளரும் போவா பாம்புக்கு உடம்பு சரியில்லை என்று தோன்றினால், பாம்பைத் தொடுவதற்கு முன் வெப்பமானியை எடுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் பாம்பின் வாயிலிருந்து சோதனையைத் தொடங்கலாம். மலையில் கூண்டின் தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை குளிரில் பிறந்து வேறு பெயரில் தலைகாட்டுபவை.

ஹாக் தீவுப் போவா என்று வளர்ப்பவர்கள் அழைக்கும் வெளிர்நிறச் சிறு போவாவின் தாயகம், ஹோண்டுராஸின் கரீபியன் கரைக்கு அப்பால் இருக்கும் கயோஸ் கோச்சினோஸ் என்ற தீவுக்கூட்டம். கடல் சூழ்ந்த அந்த நிலத்தில் பகலும் இரவும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. இந்த இடைவெளியை நம் கூண்டுதான் நிரப்பியாக வேண்டும்.

மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கூண்டின் வெப்ப முனையில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ். குளிர் முனையில் 25 முதல் 27. மூன்றாவது, விடியற்காலை ஐந்து மணிக்குக் கூண்டின் மிகக் குளிர்ந்த மூலையில் இருக்கும் அளவு. அது 24-க்குக் கீழே இறங்கக் கூடாது. முதல் இரண்டையும் எல்லோரும் அளக்கிறார்கள். மூன்றாவதை யாரும் அளப்பதில்லை, அந்த நேரத்தில் கம்பளிக்குள் இருப்பதால். நாளின் கூடிய அளவையும் குறைந்த அளவையும் நினைவில் வைக்கும் வெப்பமானி ஒன்றை அந்த மூலையில் போட்டுவிட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

கோத்தகிரியில் நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். கண்ணாடித் தொட்டி வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த காட்டி 30 என்றது. அது விளக்குக்குப் பக்கத்தில் இருந்த காற்றின் அளவு. அகச்சிவப்பு வெப்பமானியைத் தரைக் கண்ணாடியை நோக்கிப் பிடித்தால் 19. பாம்பு படுத்திருந்தது அந்த 19-இன் மேல், வயிறு முழுவதும் அழுந்தி. "மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை, புழு மருந்து கொடுக்கலாமா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரையைத் தொடவில்லை

முதலில் தரையை அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு ஒரு வாரம் பாம்பைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். பசி தானாகத் திரும்பும்.

அளவு சரியாக இருந்தும் சாப்பிடவில்லை என்றால் கண்களைப் பாருங்கள். வெளிர்நீலமாக மங்கியிருந்தால் தோல் உரிக்கப் போகிறது. அந்த நாட்களில் பல போவாக்கள் இரையைத் தொடாது. முதிர்ந்த ஆண் என்றால் குளிர்மாதங்களில் இணை தேடும் பருவத்தில் வாரக்கணக்கில் பட்டினி கிடப்பது இயல்பு. இவை எதுவும் இல்லையென்றால் எடை போடுங்கள். சமையலறைத் தராசு போதும். எடை நிலையாக இருக்கும்வரை பட்டினி ஒரு நோய் அல்ல. பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வளர்ந்த தீவுப் போவாவுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரை போதுமானது. தீவுகளில் இவை பல்லிகளையும், உடும்பு போலத் தோன்றும் இகுவானாக்களையும், வந்துபோகும் பறவைகளையும் கிடைத்தபோது தின்று, கிடைக்காதபோது காத்திருந்து பழகியவை. வாரந்தோறும் கொழுத்த எலியைக் கொடுத்துவிட்டு, அது ஒருமுறை மறுத்தால் பதறுவது பாம்பின் பிரச்சினை அல்ல. தோட்டத்தில் பிடித்த எலியை மட்டும் எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள். எஸ்டேட்டுகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் எலி மருந்து வைப்பார்கள். அதைத் தின்ற எலி பாம்புக்குள் போனால் நஞ்சும் சேர்ந்தே போகும்.

விழுங்கியதைக் கக்கிவிட்டது

மலையில் இது பெரும்பாலும் ஒரே கதை. இரை உள்ளே போன இரவில் வெப்பம் இறங்கியிருக்கும். பாம்பின் வயிற்று அமிலமும் நொதிகளும் வெப்பம் இருந்தால்தான் வேலை செய்யும். இல்லாவிட்டால் எலி செரிப்பதற்கு முன் அழுகத் தொடங்கிவிடும். கக்குவது பாம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. மற்ற இரண்டு காரணங்கள்: உடலின் மிகப் பருத்த பகுதியைவிடப் பெரிய இரை, அல்லது இரை கொடுத்த இரண்டு நாளுக்குள் கையில் எடுத்து விளையாடியது.

கக்கியவுடன் மறுபடி கொடுக்காதீர்கள். தொண்டையும் உணவுக்குழலும் அமிலத்தில் வெந்திருக்கும். நீர் மட்டும் வைத்து இரண்டு வாரம் விடுங்கள். பிறகு வழக்கமான அளவில் பாதி இரை. வெப்பம் சரியாக இருந்தும் மீண்டும் மீண்டும் கக்கினால் அது குளிரின் வேலை அல்ல. குடற்புழுவோ, கீழே சொல்லப்போகும் வைரஸோ காரணமாக இருக்கலாம்.

மூச்சில் சத்தம், மூக்கில் குமிழ், வாய் திறந்தே இருக்கிறது

இந்த அறிகுறியை நீட்டியே எழுத வேண்டும். நம் மலைகளில் போவாக்களைக் கொல்வது பெரும்பாலும் இதுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். தோல் உரிப்பதற்கு முந்தைய நாட்களில் மூக்குத் துளைக்குள் இருக்கும் பழைய தோல் தளர்ந்து, மூச்சு விடும்போது மெல்லிய விசில் கேட்கும். தோல் உரிந்ததும் அது நின்றுவிடும். இதற்கு மருந்து வேண்டாம்.

சளி வேறு. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மூக்குத் துளையைப் பாருங்கள். ஆரோக்கியமான பாம்பின் மூக்கு உலர்ந்திருக்கும். விளிம்பில் ஈரம் பளபளத்தாலோ, மூச்சு வெளியேறும்போது சிறு குமிழ் பெருத்து உடைந்தாலோ அது தொற்று. வாயை மென்மையாகத் திறந்தால் மேல் அண்ணத்துக்கும் கீழ்த்தாடைக்கும் இடையே நூல் நூலாகச் சளி இழுபடும். ஈறு ஓரத்தில் தயிர்க்கட்டி நிறத்தில் படிவு இருந்தால் வாய்ப்புண்ணும் சேர்ந்திருக்கிறது. தலையை மேல்நோக்கித் தூக்கியபடி தூங்கும் பாம்பு, சளி தொண்டையில் இறங்காமலிருக்க வழி தேடுகிறது.

பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. நம்மைப்போல் இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. நீண்ட நுரையீரலின் அடியில் தேங்கியது அங்கேயே கிடக்கும். அதனால்தான் "இரண்டு நாள் பார்ப்போம்" என்பது இந்த ஒரு அறிகுறிக்குப் பொருந்தாது.

உடனே செய்ய வேண்டியது: வெப்ப முனையை அனுமதிக்கப்பட்ட மேல் அளவுக்குக் கொண்டுவந்து, இரவிலும் 27 அளவில் நிறுத்துங்கள். பாம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி வெப்பத்தோடு ஏறி இறங்குவது. மருத்துவர் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கூட குளிர்ந்த உடம்பில் சரியாக வேலை செய்யாது. கூண்டின் ஈரத் தரையை அள்ளி எறிந்துவிட்டு நாளிதழ் விரியுங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்திருப்பதுதான் நுரையீரலுக்கு எமன். வெதுவெதுப்பான ஈரம் தீங்கு செய்யாது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. நம் ஊரில் யாருக்குச் சளி பிடித்தாலும் கை தைலப் புட்டிக்குத்தான் போகும். நீலகிரித் தைலம் கலந்த வெந்நீரைக் கூண்டுக்குள் வைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள். அந்தக் காரமான ஆவி, ஏற்கெனவே புண்ணாகி இருக்கும் நுரையீரலை மேலும் எரிக்கும். இதே காரணத்தால் பைன் மரத்தூளையும் யூகலிப்டஸ் மரத்தூளையும் தரையில் போட வேண்டாம். மர அறுவை மில்லில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவராதீர்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தென்னைநார்த் தூள் நல்லது, மலிவானது.

ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் மலையில் கிடைப்பது அரிது. கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டியிருக்கும். பாம்பைத் துணிப்பையில் கட்டி, காற்றுத் துளையிட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து, துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பையை ஓரத்தில் வையுங்கள். மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் வெந்நீர்ப் பையை எடுத்துவிட மறக்காதீர்கள். மேலே உயிர் காத்த அதே பெட்டி, ஏப்ரல் வெயிலில் கீழே உயிரை எடுத்துவிடும்.

தோல் துண்டு துண்டாக உரிகிறது

"வெளியே ஒரு மாதமாக மழை, துணிகூடக் காயவில்லை, பாம்புக்கு மட்டும் எப்படி ஈரம் போதாமல் போகும்?" என்ற கேள்வி குன்னூரில் அடிக்கடி கேட்கும். விடை காற்றில் இருக்கிறது. 12 டிகிரியில் ஈரம் முழுக்க நிறைந்த காற்றை எடுத்து 30 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். காற்றில் இருக்கும் நீர் அதேதான்; சூடான காற்று இன்னும் அதிக நீரைக் கேட்கிறது. மழையில் நனைந்த ஊரில், சூடேற்றிய கூண்டு மட்டும் வறண்ட நிலமாக இருப்பது இதனால்தான்.

போவாவுக்கு 60 முதல் 70 சதவீதம் தேவை. கூண்டின் மேல் வலையில் மூன்றில் இரண்டு பங்கை மூடுங்கள். பெரிய நீர்த்தொட்டியை வெப்ப முனைக்கு நகர்த்துங்கள். மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஈரமான தென்னைநார்த் தூளை நிரப்பி ஒளிவிடமாக வையுங்கள். பாம்பு தானே தேடிப் போய்ப் படுக்கும். இதற்காகச் சோலை மரங்களில் படர்ந்திருக்கும் பாசியைப் பிய்த்துவர வேண்டாம். அது காட்டின் சொத்து. அதோடு வரும் பூச்சிகளுக்கும் உங்கள் கூண்டு புது வீடாகும்.

ஒட்டிய தோலுக்கு, 28 முதல் 30 டிகிரி நீரில் நனைத்த துண்டுக்குள் பாம்பை அரை மணி நேரம் விட்டு ஊர்ந்து வெளியேற விடுங்கள். கண்மேல் தங்கிய படலத்தை நகத்தாலோ இடுக்கியாலோ பிய்க்கக் கூடாது. அடியில் இருக்கும் உயிருள்ள படலமும் சேர்ந்து கிழிந்தால் கண் போய்விடும். அடுத்த உரிப்பில் அது தானே வரட்டும்.

நீர்த்தொட்டியின் அடியில் கரும்புள்ளிகள்

மிளகுத்தூள் தூவியதுபோல் கிடந்தால் அவை பாம்பு உண்ணிகள். பாம்பு மணிக்கணக்கில் நீரில் கிடப்பதும் இதன் அடையாளம். கண்ணின் ஓரத்திலும் தாடைக்கு அடியில் இருக்கும் மடிப்பிலும் தேடுங்கள். கூண்டில் இருக்கும் மரத்துண்டுகளையெல்லாம் எறிந்துவிட்டு, வெந்நீரால் கழுவி, நாளிதழ் மட்டும் விரிக்க வேண்டும். மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் பயன்படுத்துங்கள். முட்டைகள் மருந்துக்குத் தப்பிவிடுவதால் இரண்டு, மூன்று வாரத்துக்குச் சிகிச்சையைத் தொடர வேண்டும். தேயிலைக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியில் கொஞ்சம் கலந்து தெளிப்பது பாம்பையும் சேர்த்துக் கொல்லும் வழி. வீட்டில் ஆமையும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பாம்புக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு.

தலை மேல்நோக்கித் திருகிக்கொள்கிறது, புரட்டினால் நிமிர முடியவில்லை

இது ஒன்றுக்கு மட்டும் குளிரைக் குற்றம் சொல்ல முடியாது. கூண்டு தறிகெட்டுச் சூடாகியிருந்தாலோ, பூச்சிக்கொல்லி பட்டிருந்தாலோ இப்படி ஆகலாம். முதலில் அவற்றை விலக்கிப் பாருங்கள். அவை இல்லையென்றால் போவாக்களுக்கும் மலைப்பாம்புகளுக்கும் வரும் ஒரு வைரஸ் நோயை நினைக்க வேண்டும். பாதிக்கப்பட்ட உயிரணுக்களுக்குள் திரட்சிகள் தெரிவதை வைத்து நெடுங்காலமாக அடையாளம் காணப்பட்ட இந்நோய்க்கு ஒருவகை அரீனா வைரஸோடு தொடர்பு இருப்பது 2012-இல் வெளியானது. மருந்து கிடையாது. எந்த அறிகுறியும் காட்டாமல் போவா ஆண்டுக்கணக்கில் இந்த வைரஸைச் சுமக்கும் என்பதுதான் பெரிய ஆபத்து. உண்ணிகள் இதைப் பரப்புவதாகக் கருதப்படுகிறது. புதிதாக வரும் பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில், வேறு இடுக்கி, வேறு நீர்த்தொட்டியோடு வைத்திருங்கள். இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

இரவில் நிறம் வெளுத்துவிடுகிறது

நோய் அல்ல. ஹாக் தீவுப் போவாவின் இயல்பே அது. பகலில் சற்றுக் கருத்தும் இரவில் வெளுத்தும் தெரியும்.

வயிற்றில் பழுப்புத் தழும்பு

வெப்பத் தகட்டுக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது அதன் உணரி இடம் மாறிவிட்டது. சுற்றிலும் குளிர்ந்த அறையில் பாம்பு, சுடுகிறது என்று அறியாமலே சூடான ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கும். மலையில் ஹீட்டரின் சக்தியைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கூண்டின் சுவரைத் தடிமனாக்குங்கள். கண்ணாடித் தொட்டியைவிடப் பிளைவுட் பெட்டி மேல். அதன் பின்புறத்திலும் அடியிலும் தெர்மாகோல் ஒட்டினால் இன்னும் மேல்.

மின்சாரம் போய்விட்டது

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு வேண்டாம், சாதாரண ஐப்பசி மழையிலேயே கம்பியின் மேல் மரம் விழுந்து ஓரிரவு இருட்டில் கழிவது இங்கே புதிதல்ல. மழை எச்சரிக்கை வந்த வாரத்தில் இரை கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றோடு இருக்கும் வளர்ந்த போவா ஓரிரவு 18, 20 டிகிரியைத் தாங்கிவிடும். வயிறு நிறைந்தது, சினையாக இருப்பது, குட்டி, ஏற்கெனவே சளி பிடித்தது ஆகியவைதான் தாங்காது. அவற்றை வெந்நீர்ப் பையோடு தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றுங்கள். கரி அடுப்பைப் பற்றவைத்துப் பாம்பு அறையை மூடிவிடுவது வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கணப்புக் கரியின் புகையில் மனிதர்களே இறந்துபோயிருக்கிறார்கள். வாசனையில்லாத அந்த நச்சுவாயு பாம்பையும் விடாது.

கூண்டு காலியாக இருக்கிறது

வெப்பம் இருக்கும் இடங்களில் தேடுங்கள்: குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், கெய்சரின் மேல், சமையலறை அடுப்படி. முதல் இரவில் கிடைக்காவிட்டால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். அவமானம் பார்க்கும் நேரமில்லை. "குளிரில் தானே செத்துவிடும்" என்று விட்டுவிடுவது சரியல்ல. குன்னூர்ச் சரிவில் பர்லியாறு வரை இறங்கினால் அது வேறு தட்பவெப்பம். கரீபியன் கடலின் அரூபா தீவில் போவா இயற்கையாக இருந்ததில்லை. 1999-இல் முதலில் தென்பட்டது. இன்று அங்குள்ள பறவைகளைத் தின்று பெருகி நிற்கிறது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1872-இல் கரும்புத் தோட்டத்து எலிகளுக்காக இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுபோன கீரி, அந்தத் தீவுக்கே உரிய மஞ்சள் போவாவை அழிவின் பக்கம் தள்ளிய காரணங்களில் ஒன்று.

காகிதம் இல்லாமல் "அசல் தீவுப் போவா" விலைக்கு வருகிறது

வாங்காதீர்கள். போவாக்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் இருக்கின்றன. மேலே சொன்ன ஜமைக்காவின் மஞ்சள் போவா மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இத்தகைய அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், பாம்பு இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்துக்கு அப்பால் இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுவே பெரிது. கயோஸ் கோச்சினோஸில் 1980-களில் செல்லப்பிராணி வணிகத்துக்காகப் பாம்புகளை வாரிக்கொண்டு போனதில் தீவே வெறிச்சோடியது. 1993-இல் தீவுக்கூட்டம் பாதுகாக்கப்பட்ட பிறகுதான் அவை மூச்சுவிடத் தொடங்கின. விற்பவர் காட்டும் பாம்பு பெரும்பாலும் பெருநிலத்துப் போவாவோடு கலந்த கலப்பு. இல்லையென்றால் எங்கோ திருடியது. பூர்வீகம் எழுதப்படாத பாம்பைத் தீவுப் பாம்பு என்று இணை சேர்க்காதீர்கள். மொரீஷியஸை ஒட்டிய ரவுண்ட் தீவில், இதற்குத் தூரத்து உறவான வேறொரு குடும்பத்துப் போவா பிழைத்தது யாரோ வீட்டில் வளர்த்ததால் அல்ல. 1979-க்குள் ஆடுகளையும், 1986-இல் முயல்களையும் தீவிலிருந்து அகற்றிக் காட்டை மீட்டதால். அதே தீவில் வாழ்ந்த இன்னோர் இனம் 1975-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

தோட்டத்தில் "குட்டி போவா" கிடைத்தது

நீங்கள் பாம்பு வளர்ப்பது ஊருக்குத் தெரிந்துவிட்டால் இது நிச்சயம் நடக்கும். கேரட் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தவர் பாட்டிலோடு வந்து நிற்பார். "அண்ணா, உங்கள் பாம்பு குட்டி போட்டு எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டதா?"

பாட்டிலை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரடி நீளம், பளபளக்கும் பழுப்பு உடல், கூரிய தலை, குண்டூசி முனையளவு கண். வால் முனை வெட்டினதுபோல் மொட்டையாக இருந்தால் அது கேடயவால் பாம்பு. ஊட்டித் தோட்டங்களில் கிடைப்பது பெரும்பாலும் பெரோட்டே கேடயவால். பழனி மலைக்கென்றே பெயர் பெற்ற இனமும் ஒன்று உண்டு. அதன் கழுத்தின் பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடும். அதை 1863-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் வனத்துறையில் இருந்த பெட்டோம். இந்தக் குடும்பம் உலகிலேயே தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. நஞ்சு இல்லை; மண்புழு தின்று, குட்டி போட்டு, வாழ்நாளை மண்ணுக்குள் கழிக்கிறது. பல இனங்கள் ஒரு மலையில் இருக்கும், அடுத்த மலையில் இருக்காது. கீழே பரந்திருக்கும் சூடான சமவெளி அவற்றுக்குக் கடல். கயோஸ் கோச்சினோஸுக்கு ஏங்குகிறவர்கள் காலடியில் கொத்தப்படும் இந்தத் தீவுப் பாம்பையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கூண்டில் வைத்துப் பார்க்க அல்ல. நம் காட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. அப்படி வைத்தாலும் இது சில நாளில் இறந்துவிடும்.

கொண்டுவந்தவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: அடுத்த முறை கையால் எடுக்க வேண்டாம். நீலகிரிப் புல்வெளியில் பழுப்பு நிறத்தில் குதிரைலாடக் குழிவிரியனும் உண்டு. அதுவும் சிறியதுதான், ஆனால் நஞ்சுள்ளது. மண்வெட்டிக்குப் பதில் முள்கொத்தியைப் பயன்படுத்தினால் பாதிப் பாம்புகள் வெட்டுப்படாமல் தப்பும். பிறகு அவரோடு அதே பாத்திக்குப் போய், வெயில் படாத ஓரத்தில், எருக்குவியலுக்குப் பக்கத்தில் ஈரமண்ணைத் தளர்த்திப் பாட்டிலைச் சாய்த்துவிடுங்கள். தலை மண்ணில் பட்டதும் அது தானே உள்ளே போய்விடும்.